பொலிஸுக்கு எதிராகப் பாடினவர் பொலிஸாகவே கிழவரானது எப்படி? ஐஸ்-டீ பற்றிக் கொஞ்சம் கதைப்போம்

வெள்ளவத்தைவாசி · இரவு 9.14

நேற்று மகள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு 'லோ அன்ட் ஓர்டர்: எஸ்வியூ' என்ற அமெரிக்கப் பொலிஸ் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ்-டீ நடிக்கும் ஃபின் டுட்டுவோலா என்ற துப்பறியும் பொலிஸ்காரர் ஒருத்தனைச் சுவரோடு சாத்திக் கைவிலங்கு போடுகிறார். "அப்பா, இவர் முந்தி ராப் பாடினவராமே, உண்மையா?" என்று கேட்டாள். ராப் மட்டுமா பாடினார் என்று நான் தொடங்கினேன். தட்டில் போட்ட புட்டு ஆறியும் நான் நிறுத்தவில்லை. அவள் எழும்பி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மிச்சத்தை இங்கே கொட்டுகிறேன்.

1992 கடைசியில், கனடாவில் ஸ்காபரோவில் இருந்த பெரியப்பாவின் மகன், கொழும்புக்கு வந்த ஒருவரிடம் எனக்கொரு கசெட் கொடுத்துவிட்டார். 60 நிமிடக் கசெட்டில் பதிந்தது. 'பொடி கவுண்ட்' என்ற குழுவின் முதல் அல்பம், பாடுவது ஐஸ்-டீ. கடைசிப் பாட்டின் பெயர் 'கொப் கில்லர்', பொலிஸைக் கொல்பவன். அதை லேபிளில் முழுதாக எழுத எனக்குத் துணிவு வரவில்லை. அந்த நாள் காலி வீதியில் பையைத் திறந்து காட்டாமல் பம்பலப்பிட்டி வரைக்கும் போக ஏலாது. ஆகவே 'கொ. கி.' என்று மட்டும் எழுதி வைத்தேன். ஒருநாள் சோதனைச் சாவடியில் என் வோக்மேனைக் கையில் எடுத்தவர் "மே மொகக்த?" (இது என்ன?) என்றார். "சிந்து, சேர்" (பாட்டு, சேர்) என்றேன். காதில் மாட்டிப் பத்து விநாடி கேட்டுவிட்டு, கிட்டார் இரைச்சல் தாங்காமல் முகத்தைச் சுளித்தபடி திருப்பித் தந்தார். கொ. கி. வருவதற்கு இன்னும் இரண்டு பாட்டு இருந்தது. அது தெரிந்தும் என் முழங்கால் நிற்கவில்லை.

அந்தப் பாட்டைப் பாடினவர் 2000ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் பொலிஸ்காரர். ஆள் கட்சி மாறிவிட்டாரா? இல்லை என்பது என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

பிளேன்ரீ · இரவு 9.20

ஐஸ் டீ என்று தலைப்பைப் பார்த்துக் குடிக்கிற விஷயம் என்று ஓடிவந்தேன். இருந்தாலும் இருக்கிறேன்.

தெஹிவளை நானா · இரவு 9.31

'அனகொண்டா' படத்தில் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு பாம்புக்கு ஓடுவாரே, அவர்தானே? தியேட்டரில் இரண்டு தரம் பார்த்தேன். நல்ல மனுஷன்.

கொட்டாஞ்சேனை 13 · இரவு 9.40

நானா, அது ஐஸ் கியூப். எல்லாருக்கும் வருகிற குழப்பம்தான். இரண்டு பேரும் லொஸ் ஏஞ்சல்ஸ், இரண்டு பேரும் பொலிஸைப் பற்றிப் பாடி வாங்கிக் கட்டினவர்கள், இரண்டு பேரும் பிறகு நடிகர்கள். 1992 இல் 'ட்ரெஸ்பாஸ்' என்ற படத்தில் சேர்ந்தே நடித்தார்கள். கியூப் இருந்த என்.டபிள்யூ.ஏ. குழுவின் பாட்டுக்கு 1989 இல் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் கம்பனிக்குக் கடிதமே எழுதினார். அதே கியூப் 2014 இல் 'ரைட் அலோங்' படத்தில் பொலிஸ். ஆக இது ஐஸ்-டீக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

வாசி அண்ணை ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். 'கொப் கில்லர்' ராப் பாட்டே இல்லை. பொடி கவுண்ட் ஒரு மெட்டல் குழு. ஐஸ்-டீ தன்னுடைய ராப் பாட்டுகளை ராப் அல்பங்களில் தனியாகத்தான் வெளியிட்டார். அன்றைக்குச் சத்தம் போட்ட அரசியல்வாதிகள் எல்லாரும் 'ராப் பாட்டு' என்றே சொன்னார்கள். கறுப்பன் பாடினால் ராப், அவ்வளவுதான் அவர்களின் இசை அறிவு.

வெள்ளவத்தைவாசி · இரவு 9.47

சரியாகச் சொன்னீர் தம்பி. சோதனைச் சாவடியில் என்னைக் காப்பாற்றினதும் அந்த மெட்டல் இரைச்சல்தான்.

சுவர்ப்பல்லி · இரவு 10.02

என்ன சுற்றி வளைப்பு இது? காசு. ஒரு சொல்லில் முடிகிற கதை. இளமையில் பொலிஸைத் திட்டினால் கசெட் விற்கும், வயது போனால் பொலிஸ் உடுப்புப் போட்டால் மாதச் சம்பளம் வரும். இங்கேயும் எத்தனை பேரைப் பார்த்துவிட்டோம், மேடையில் புரட்சி பேசிப் பிறகு அமைச்சரின் வாகனத்தில் முன் சீட்டில் ஏறினவர்களை.

கொட்டாஞ்சேனை 13 · இரவு 10.25

பல்லி அண்ணே, ஆண்டுகளை ஒருக்கால் வரிசையாக வைத்துப் பாருங்கள். நீங்கள் சொல்லும் கதை நிற்காது.

ஆளின் சொந்தப் பெயர் ட்ரேசி மரோ. 1958 இல் நியூ ஜேர்சியில் நூவார்க் நகரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாயும் பிறகு தகப்பனும் மாரடைப்பில் போய்ச் சேர, லொஸ் ஏஞ்சல்ஸில் மாமி வீட்டுக்கு வந்தார். 1977 இல் இராணுவத்தில் சேர்ந்தார். ஆமாம், அரசாங்கச் சீருடை போட்ட ஆள்தான். 1979 இல் வெளியே வந்தார். ஐஸ்பேர்க் ஸ்லிம் என்ற எழுத்தாளரின் வரிகளை மனப்பாடமாகச் சொல்லித் திரிந்ததால் 'ஐஸ்' ஒட்டிக்கொண்டது.

இனிக் கேளுங்கள். 1984 இல் 'பிரேக்கின்' என்ற நடனப் படத்தில் மைக் பிடித்துக்கொண்டு வருகிறார். அவருடைய முதல் அல்பம் வந்ததோ 1987 இல். பாட்டு அல்பத்துக்கு முதலே படம்! 1988 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் குழுச் சண்டைகளையும் பொலிஸையும் பற்றிய 'கலர்ஸ்' படத்துக்குத் தலைப்புப் பாட்டு. 1991 மார்ச்சில் 'நியூ ஜக் சிட்டி' வெளியானது. அதில் அவர் ஸ்கொட்டி அப்பில்டன், போதைப்பொருள் கும்பலுக்குள் ஒளிந்து வேலை செய்யும் பொலிஸ்காரர். 'கொப் கில்லர்' உள்ள அல்பம் கடைக்கு வந்தது அதற்கு அடுத்த வருடம், 1992 மார்ச்சில்.

அதாவது முதலில் பொலிஸ் வேஷம் கட்டினார், பிறகுதான் அந்தப் பாட்டு கடைக்கு வந்தது. கட்சி மாறினார் என்றால் எங்கேயிருந்து எங்கே மாறினார்?

இன்னொன்று, அது லொஸ் ஏஞ்சல்ஸ் கலவரத்தைப் பார்த்து எழுதின பாட்டு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ரொட்னி கிங் என்ற கறுப்பரை அடித்த பொலிஸ்காரர்களை நீதிமன்றம் விட்டதும் கலவரம் வெடித்தது 1992 ஏப்ரல் 29 அன்று. அல்பம் அதற்கு முதலே வந்துவிட்டது. மேடையில் 1991 கோடையிலேயே பாடிக்கொண்டு திரிந்தார்கள். அப்போது ஒருவரும் மூச்சு விடவில்லை. ஊர் எரிந்த பிறகுதான் எல்லாருக்கும் காது கேட்டது.

பிளேன்ரீ · இரவு 10.28

கொட்டாஞ்சேனைத் தம்பி நாளைக்கு வேலைக்குப் போகிற எண்ணம் இல்லைப் போலிருக்கிறது.

கொட்டாஞ்சேனை 13 · இரவு 10.33

நாளைக்குப் போயா தினம் அண்ணே, லீவு.

அந்தப் பொலிஸ் வேஷம் எப்படிக் கிடைத்தது என்று அவரே சொல்லுகிற கதை ஒன்று இருக்கிறது. ஒரு கிளப்பின் கழிப்பறையில் நின்று நண்பர்களோடு வாய் கிழியக் கதைத்துக்கொண்டிருந்தாராம். அந்த வாயை இயக்குநர் மரியோ வான் பீபிள்ஸ் உள்ளே இருந்து கேட்டு, வெளியே வந்து ஆளைப் பிடித்துவிட்டார். பொலிஸாக நடிக்கவா என்று ஐஸ்-டீக்குத் தயக்கம். தெருவில் இருந்த கூட்டாளிகளிடம் போய்க் கேட்டால், நீ நடி, எங்களுக்கும் ஒரு வேஷம் வாங்கித் தா என்றார்களாம். நம் ஊர்ப் பெடியள் என்றாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

மழைக்கோட்டு · இரவு 10.51

நான் சட்டத்தொழிலில் இருப்பவள். பாட்டு எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் சரியாக வைப்போம், ஏனென்றால் 'அமெரிக்க அரசு தடை செய்தது' என்று யாராவது எழுதப் போகிறார்கள்.

அரசு தடை செய்யவில்லை. அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் திருத்தம் கட்டிப்போடுவது அரசாங்கத்தை. ஆகவே அடி வேறு பக்கத்தால் வந்தது. 1992 ஜூனில் டெக்சஸ் பொலிஸார் சங்கம் ஒன்று, பாட்டை எடுக்காவிட்டால், அல்பத்தை வெளியிட்ட கம்பனியின் தாய் நிறுவனமான டைம் வோர்னரின் எல்லாப் பொருளையும் புறக்கணிப்போம் என்றது. ஜனாதிபதி மூத்த புஷ்ஷும் உப ஜனாதிபதி குவேலும் கண்டித்தார்கள். அது தேர்தல் வருடம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜூலையில் பங்குதாரர் கூட்டத்தில் நடிகர் சார்ள்டன் ஹெஸ்டன் எழும்பி நின்று பாட்டு வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். கம்பனிக்காரர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. ஜூலை 28 அன்று ஐஸ்-டீயே பாட்டை அல்பத்திலிருந்து எடுப்பதாக அறிவித்தார். அடுத்த பதிப்பில் அதற்குப் பதிலாக 'ஃப்ரீடம் ஒஃப் ஸ்பீச்' என்ற வேறொரு பாட்டு. 1993 தொடக்கத்தில் அவரும் அந்தக் கம்பனியும் பிரிந்தார்கள்.

சட்டப்படி ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, ஆனாலும் பாட்டு போய்விட்டது. இதைப் படித்த நாளிலிருந்து 'கருத்துச் சுதந்திரம்' என்ற சொல்லை நான் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்கிறேன்.

வெள்ளவத்தைவாசி · இரவு 10.58

அக்கா சொன்னதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. அடுத்த வருடம் பள்ளிக்கூட நண்பன் ஒருவன் சிங்கப்பூரிலிருந்து அசல் கசெட் வாங்கி வந்தான். நானும் அவனும் பாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவனுடையதில் கொ. கி. இல்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று அவன் ஒரு கிழமை துக்கம் கொண்டாடினான். ரெக்கோர்டிங் பாரில் கொடுத்து என்னுடையதிலிருந்து பிரதி எடுக்கச் சொன்னால், அங்கிருந்த அண்ணர் பெயரைக் கேட்டுவிட்டு மெஷின் பழுது என்றார். மெஷின் அந்த நேரம் பக்கத்தில் எஸ்.பி.பி. பாட்டு பதிந்துகொண்டிருந்தது.

சுவர்ப்பல்லி · இரவு 11.10

சரி, ஆண்டுக் கணக்கில் தோற்றேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. 'நியூ ஜக் சிட்டி' ஒரு படம், ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். எஸ்வியூ அப்படியா? 1999 இல் தொடங்கினது, ஐஸ்-டீ இரண்டாவது சீசனில், 2000 இல், உள்ளே வந்தார், இன்னும் வெளியே வரவில்லை. ஒவ்வொரு கிழமையும் பொலிஸ்காரர் அழுகிறார், பொலிஸ்காரர் கண்டுபிடிக்கிறார், பொலிஸ்காரர் கோபத்தில் ஒரு தட்டுத் தட்டினாலும் நியாயமாகத்தான் தட்டுகிறார். 2020 இல் ஜோர்ஜ் ஃப்ளொய்ட் பொலிஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு இப்படியான தொடர்களைப் பற்றியே பெரிய வாக்குவாதம் வந்தது. 'கொப்ஸ்' என்ற பொலிஸ் நிகழ்ச்சியை அந்த வருடம் நிறுத்தினார்கள். பொலிஸுக்கு வெள்ளையடிக்கும் வேலைக்கு, பொலிஸைத் திட்டின ஆளை விடப் பொருத்தமான தூரிகை எங்கே கிடைக்கும்? "பார், அவனே எங்களோடு சேர்ந்துவிட்டான்."

தெஹிவளை நானா · இரவு 11.16

நம்பியார் படத்தில் எத்தனை பேரைக் கெடுத்திருப்பார்? வீட்டில் ஐயப்ப பக்தர். ஒவ்வொரு வருடமும் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போனவர். அவரைப் பார்த்து யாராவது "நீ கட்சி மாறிவிட்டாய்" என்று சொன்னார்களா? நடிப்பு நடிப்புத்தானே மவன்.

வெள்ளவத்தைவாசி · இரவு 11.29

நானா என் வாயில் இருந்ததை எடுத்துவிட்டார். நான் சொல்ல வந்ததும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் இன்னும் ஒரு படி கீழே போய்.

நம்பியார் நடித்தார் என்று எல்லாருக்கும் தெரியும். ஐஸ்-டீ பாடும்போதும் நடித்தார் என்பதைத்தான் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. கொ. கி.யில் 'நான்' என்று பேசுவது, பொலிஸ் கொடுமை பொறுக்காமல் புத்தி கலங்கின ஒரு ஆள். அது நானில்லை, ஒரு பாத்திரம் என்று அவர் அன்றைக்கே சொன்னார். என்னைக் கொலைகாரன் என்று நம்பினால் டேவிட் போவியை விண்வெளி வீரர் என்று நம்ப வேண்டும் என்றும் சொன்னார். போவி தன் பாட்டில் விண்வெளி வீரராக வருவார். ஒருவரும் அவரிடம் ரொக்கெட் ஓட்டும் அனுமதிப்பத்திரம் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் இரவிரவாகக் கூத்தில் யமனாக ஆடிய அண்ணாவியார், விடிய வயலுக்குத் தண்ணீர் கட்டப் போவார். ஒழுங்கையில் கண்டால் சின்னப் பிள்ளைகள் நாங்கள் பயந்து ஓடுவோம். பெரியவர்கள் சிரிப்பார்கள். 1992 இல் அமெரிக்கா முழுக்க அந்தச் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஓடியது என்று நினைத்துக்கொள்வேன். இது வேஷம் என்று கண்டுபிடித்தவர் எஸ்வியூவை உருவாக்கின டிக் வுல்ஃப். அந்த நடிப்பைக் கொண்டுவந்து பொலிஸுக்குள் போட்டார். அதற்கு முதலே 'நியூயோர்க் அண்டர்கவர்' தொடரில் ஐஸ்-டீயை அவர் குற்றவாளியாக நடிக்க வைத்திருந்தார். எஸ்வியூவுக்கு நாலு எபிசோட் மட்டும் என்றுதான் கூப்பிட்டார்களாம். கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது.

மழைக்கோட்டு · இரவு 11.50

வாசி அண்ணா, அந்தச் சின்னப் பிள்ளைகள் கையில் சட்டம் இருந்தால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள்.

மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுப்பே அவருக்கு எதிரான சாட்சி. பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். வழக்கிலிருந்து விடுதலையானது 2023 டிசம்பரில். வாசித்த தமிழர்கள் பலர் அவை வன்முறைக்கு எதிரான கவிதைகள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கவிதைக்குள் பேசுகிற ஆள் யார், எழுதின ஆள் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத ஒரு வாசகர் போதும், ஒன்றரை வருடம் உள்ளே.

அந்தப் பாட்டுக்காக ஐஸ்-டீ ஒரு நாளும் உள்ளே போகவில்லை. பாட்டு போனது, கம்பனி போனது, ஆள் வீட்டில் இருந்தார், எட்டு வருடத்தில் பிரபல தொடரில் வேஷம். இங்கே அப்படி ஒருவர் மீண்டு வந்து ரூபவாஹினியில் பொலிஸ் பரிசோதகராக நடிப்பதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. அதனால் அவர் கட்சி மாறினாரா என்ற கேள்வி எனக்குக் கொஞ்சம் வசதியான கேள்வியாகப் படுகிறது.

பிளேன்ரீ · இரவு 11.54

இதற்கு மேல் பகிடி விட்டால் சரியில்லை. வாசித்துக்கொண்டிருக்கிறேன் அக்கா.

கொட்டாஞ்சேனை 13 · நள்ளிரவு 12.15

நான் எங்கள் ஊர் ராப் பாடகர் கிரிஷான் மகேசனின் பாட்டுக் கேட்டு எழுதத் தொடங்கினவன். இன்றைக்கும் நாலு பேர் சேர்ந்து ஜிந்துப்பிட்டிப் பக்கம் ஒரு அறையில் பதிகிறோம். மழைக்கோட்டு அக்கா சொன்னது எங்களுக்கு ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. 'நான்' என்று எழுதிவிட்டுப் பிறகு 'அவன்' என்று மாற்றுவோம். பாட்டு செத்துவிடும். திரும்ப 'நான்' போடுவோம். பிறகு யாராவது ஒருவனின் அம்மா கதவைத் தட்டுவார்.

தமிழில் ராப்பிலிருந்து நடிப்புக்குப் போனவர்களைப் பாருங்கள். ஹிப்ஹொப் தமிழா ஆதி 'கிளப்புல மப்புல' பாடின காலத்தில் பெண்களைத் திட்டுகிறார் என்று கடுமையான ஏச்சு. 2017 இல் 'மீசைய முறுக்கு' படத்தில் கதாநாயகனாக வந்தபோது நல்ல பிள்ளை. எங்கள் நாட்டு ராப் பாடகர் ஏடிகே 2022 இல் பிக் பொஸ் வீட்டுக்குள் போனார். எல்லாரும் உள்ளே போகும்போது ஓரத்தைச் சீவிவிட்டுத்தான் போகிறார்கள். சினிமாவுக்கு ராப் பாடகரின் முகம் வேண்டும், சீற்றம் வேண்டாம்.

ஐஸ்-டீயில் எனக்குப் பிடித்தது, அவர் ஒன்றையும் சீவவில்லை. பகலில் எஸ்வியூ படப்பிடிப்பு, லீவு கிடைத்தால் பொடி கவுண்ட் மேடை. அந்தப் பாட்டை இன்றைக்கும் மேடையில் பாடுகிறார். 2021 இல் அதே குழு 'பம்-ரஷ்' பாட்டுக்குச் சிறந்த மெட்டல் இசைக்கான கிரமி வாங்கியது. 2023 பெப்ரவரியில் ஹொலிவூட் நடைபாதையில் நட்சத்திரம் பதித்தார்கள்.

சுவர்ப்பல்லி · நள்ளிரவு 12.22

மேடையில் பாடுகிறார் என்பது எனக்குத் தெரியாது. அதற்கு ஒரு மார்க் போடலாம். வெள்ளையடிப்பு பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன்.

தெஹிவளை நானா · நள்ளிரவு 12.30

வாங்க வேண்டாம் மவன். மனுஷி லைட்டை நிப்பாட்டச் சொல்கிறாள். 'அனகொண்டா' ஆள் வேறு என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன், எனக்கு அது போதும்.

வெள்ளவத்தைவாசி · அடுத்த நாள், காலை 8.40

இரவு நித்திரை வரவில்லை. அலுமாரிக்கு மேலே இருந்த பிஸ்கட் டின்னை இறக்கித் தேடினேன், கசெட் கிடைத்தது. லேபிளில் என் கையெழுத்து அப்படியே இருக்கிறது. அம்மா பக்கத்தில் வந்து மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கொ. கி. என்றால் என்ன, கொழும்புக் கிளையா?" என்றார். இவ்வளவு காலமும் ஏதோ பாங்க் விஷயம் என்று நினைத்துப் பத்திரமாக வைத்திருந்தாராம்.

ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவும் எஸ்வியூ பார்ப்பார். இங்கிலிஷ் அரைவாசிதான் புரியும், ஆனால் ஃபின்னை மட்டும் விடமாட்டார். முதல் சீசன்களில் ஆள் பின்னால் மயிர் கட்டியிருந்ததால் அம்மாவுக்கு அவர் 'குடுமிப் பொலிஸ்'. குடுமியை எடுத்து எத்தனையோ வருடம், பெயர் மாறவில்லை. "அம்மா, இந்தக் கசெட்டில் பாடுவது உங்கள் குடுமிப் பொலிஸ்தான்" என்றேன். "பொலிஸ்காரர் பாடக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

பழைய பிளேயரில் போட்டேன். முதல் தரம் நாடா சிக்கியது, பென்சிலால் சுற்றி எடுத்தேன். இரண்டாம் பக்கம் கடைசி வரைக்கும் ஓடவிட்டேன். கொ. கி. தொடங்குகிற இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு வானொலி அறிவிப்பாளரின் குரல், மரண அறிவித்தல். பெரியப்பாவினுடையது. பிறந்த ஊர், வசித்த ஊர், அன்புக் கணவர், பாசமிகு தந்தை, எல்லாம் ஒழுங்காக. அடியில் வீட்டுக்குள் யாரோ விசும்புகிற சத்தமும் பதிந்திருக்கிறது.

அம்மாவைக் கேட்டேன். "அன்றைக்குக் கைக்கு அகப்பட்ட கசெட்டைப் போட்டு அமத்தினேன். கனடாவில் இருக்கிறவன் கேட்பான் என்று நினைத்தேன். பிறகு எந்தக் கசெட் என்று மறந்துபோனேன்" என்றார்.

கசெட்டை அனுப்பினவரே அந்தக் கனடாக்காரர்தான். பெரியப்பாவின் செத்தவீட்டுக்கு அவரால் வர முடியவில்லை. யாரிடமாவது கசெட்டைக் கணினியில் ஏற்றுகிற சாமான் இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் என்றால் இன்றைக்கே கொண்டுவருவேன். நாடா நைந்துபோய் இருக்கிறது, இன்னும் இரண்டு மூன்று தரம்தான் ஓடும்.

சுவர்ப்பல்லி · காலை 8.52

என்னிடம் இருக்கிறது. ஹம்டன் லேன் பக்கம்தான் வீடு. பத்து மணிக்கு வாருங்கள்.